உட்கார்ந்தபடி செய்யும் வேலை

மகப்பேறு மருத்துவருக்குப் பெரும்பாலும் நின்றபடிதான் வேலை. நள்ளிரவில் ஓட வேண்டும், குனிய வேண்டும், கட்டிலைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். கையில் அறுவை சிகிச்சை செய்பவருக்கு அந்த ஓட்டம் கிடையாது. நோயாளியின் கையைப் பக்கவாட்டில் நீட்டி ஒரு சின்ன மேசைமேல் வைத்துவிட்டால், எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு நிதானமாகச் செய்யலாம். ஸ்டூல் இருக்கும் இடத்தில் சக்கர நாற்காலி இருந்தாலும் கத்திக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. டாக்டர் மேரி வர்கீஸின் பிற்கால வாழ்க்கை இந்த ஒரு வித்தியாசத்தின்மேல்தான் எழுந்தது.

மேரி 1925இல் கொச்சியில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து, மகப்பேறு மருத்துவத்துக்குப் போகும் எண்ணத்தோடு அங்கேயே பணியில் இருந்தார். 1954இல் சக மருத்துவர்களோடு வண்டியில் போகும்போது விபத்து. முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் நின்றுபோயின. முகத்திலும் ஆழமான காயம். வயது முப்பதைத் தொடவில்லை. மாதக்கணக்கில் படுக்கைதான்.

அதே மருத்துவமனையில் பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் வேலையில் இருந்தார். இந்த நோயில் நரம்பு பழுதாகி உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்துவிடும். விரல்கள் கொக்கி போட்டதுபோல் உள்ளே சுருண்டுகொள்ளும். முன்கையில் நல்ல நிலையில் இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, வழி மாற்றிக் கொண்டுவந்து, விரல்களோடு தைப்பார்கள். தைத்ததோடு முடியாது. நேற்றுவரை மணிக்கட்டைத் தூக்கிக்கொண்டிருந்த தசை இன்றிலிருந்து விரலை அசைக்க வேண்டும். நோயாளி விரலை நீட்ட நினைத்தால் முதலில் ஒன்றும் நடக்காது. மணிக்கட்டைத் தூக்குவதாக நினைத்தால் விரல் லேசாக அசையும். கட்டுப் பிரித்த பிறகு வாரக்கணக்கில் இதே பயிற்சி நடக்கும்.

சக்கர நாற்காலியில் இருந்தபடி இந்த அறுவை சிகிச்சையைக் கற்றுக்கொண்டால் என்ன என்று மேரியிடம் கேட்டவர் பிராண்ட்தான். கேட்டதும் மறுநாளே அறுவை அரங்குக்குள் போய்விடவில்லை மேரி. நிமிர்ந்து உட்காருவதற்கே தனியாக சிகிச்சைகள் தேவைப்பட்டன. ஆனால் கடைசியில் போனார், கற்றுக்கொண்டார், தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். தம்மைவிட அதிகம் இழந்த ஒருவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து தங்கள் கையைத் தொட்டுப் பார்ப்பது, ஊர் ஒதுக்கிவைத்திருந்த அந்த நோயாளிகளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுப் பயிற்சி. நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவப் படிப்பு. திரும்பி வந்து 1963இல் வேலூரில் அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972இல் பத்மஸ்ரீ. 1986இல் மறைந்தார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக 'மன உறுதி' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். மேரிக்கு மன உறுதி இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் அடிபட்டுக் கிடக்கும் ஒருவரிடம் போய் 'மன உறுதியோடு இரு' என்று சொன்னால் அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? காலையில் எழுந்து எந்தப் பக்கம் திரும்புவார்? மேரியின் கதையில் கடன் வாங்கக்கூடிய பகுதி வேறு. எந்த வேலைக்குக் கால் தேவையில்லை என்று ஒருவர் யோசித்துப் பார்த்தார். யோசித்தவர் அந்தத் தொழிலை உள்ளும் புறமும் அறிந்தவர். ஆறுதல் சொல்வதோடு நிற்காமல் வேலையைக் கையில் கொடுத்தார். இந்த மூன்றும் சாதாரணக் குடும்பத்திலும் செய்யக்கூடியவை.

எழுத முடியாத விரல்கள்

மதுரையில் இதற்கு இணையான இன்னொரு கதை உண்டு. கோவில்பட்டிப் பக்கம் அயன் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த கோ. வெங்கடசாமி, 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அவரும் மகப்பேறு மருத்துவத்துக்குப் போக நினைத்தவர்தான். முடக்குவாதம் வந்தது. 1948இல் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். விரல்கள் கோணி, மூட்டுகள் வீங்கி, பேனா பிடிக்க முடியாத நிலை. நீண்ட காலம் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார்.

அவர் தேர்ந்தெடுத்தது கண் மருத்துவம். வெளியிலிருந்து பார்த்தால் இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். விரல் கோணியவர் கண்ணில் கத்தி வைப்பதா? ஆனால் கண் அறுவை சிகிச்சைக்குத் தோள்பலம் வேண்டியதில்லை. மருத்துவர் உட்கார்ந்திருக்கிறார், அசைவு மிகச் சிறியது. மகப்பேறு அறுவை சிகிச்சையில் கை முழுவதும் உழைக்க வேண்டும். வெங்கடசாமி தம் விரல்களுக்கு ஏற்ற கருவிகளை வடிவமைத்துக்கொண்டார். கத்தியைப் பிடிக்கப் பழகி, கண்புரையை எடுக்கப் பழகி, 1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைக்குத் தலைவரானார். வாழ்நாளில் அவர் செய்த அறுவை சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

1976இல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு மதுரை அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தம்பி தங்கைகளும் அவர்களின் குடும்பங்களும் கூடவே இறங்கின. நகைகள் அடகுக்குப் போயின. இன்று அரவிந்தின் அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள் உண்டு. ஒரு மேசையில் அவர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த மேசையில் செவிலிப் பெண்கள் அடுத்த நோயாளியைத் தயார்செய்து வைத்திருப்பார்கள். முடித்ததும் மருத்துவர் அப்படியே இந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். மருத்துவரின் கை மட்டுமே செய்யக்கூடியதை அவர் செய்கிறார். மற்றதெல்லாம் வேறு கைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டது. சொந்தக் கையின் எல்லையை முப்பது வயதிலேயே அளந்து பார்த்த ஒருவர் நிறுவிய இடத்தில் இப்படியொரு பிரிவினை வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இருவருக்குமே மருத்துவப் பட்டம் கையில் இருந்தது. மேரிக்குப் பின்னால் ஒரு பெரிய நிறுவனம் நின்றது. வெங்கடசாமிக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தார்கள், பின்னாளில் அரசுச் சம்பளம் இருந்தது. மேடைப் பேச்சுகளில் இந்த விவரங்கள் உதிர்ந்துபோய், தனி மனிதர் தலைவிதியை வென்ற கதை மட்டும் மிஞ்சும். கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அது நம்பிக்கையைவிடக் குற்ற உணர்வையே அதிகம் கொடுக்கும்: அவரால் முடிந்தது, என்னால் ஏன் முடியவில்லை? பட்டமும் நிறுவனமும் இல்லாதவர் அந்த இடத்தில் எதைப் போடலாம் என்று பார்ப்பதுதான் பயனுள்ள வேலை.

வேலையை அக்கு அக்காகப் பிரிப்பது

நாமக்கல்லில் ஒரு லாரி ஓட்டுநர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருபது வருடம் ஓட்டியவர். விபத்தில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றே: 'இனி அவரால் வண்டி ஓட்ட முடியாது.' அது சரிதான். அந்த வாக்கியத்தோடு யோசனையும் நின்றுவிடுவதுதான் தப்பு.

ஓட்டுநரின் வேலை ஸ்டீரிங் பிடிப்பது மட்டுமா? எந்தச் சரக்கை எப்படி அடுக்கினால் எடை ஒரு பக்கம் சாயாது என்று அவருக்குத் தெரியும். தார்ப்பாயை எப்படி இழுத்துக் கட்டினால் மழை உள்ளே இறங்காது என்று தெரியும். டயர் எந்த ஓரத்தில் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே அலைன்மென்ட் கோளாறைச் சொல்லிவிடுவார். வெளிமாநிலப் புரோக்கரிடம் இந்தியில் வாடகை பேசுவார். இ-வே பில் எப்போது காலாவதியாகும், எந்த ரூட்டில் இரவில் நிறுத்தினால் டீசல் திருட்டுப் போகும், எந்தக் குடோனில் காத்திருக்க வைப்பார்கள் என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது. இவற்றில் பாதிக்குமேல் ஒரு புக்கிங் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு போனை வைத்துக்கொண்டு செய்யக்கூடியவை.

இதை வாயால் பேசாமல் ஒரு நோட்டில் எழுதுவது நல்லது. விபத்துக்கு முந்தைய ஒரு வேலைநாளைக் காலை முதல் இரவு வரை எழுத வேண்டும். சின்னச் சின்ன வேலைகளையும் விடக்கூடாது. பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இதை இப்படியே செய்ய முடியுமா, ஏதாவது மாற்றினால் முடியுமா, வேறொருவர் செய்தால் போதுமா என்று குறிக்க வேண்டும். குறிக்கும்போது அதே தொழிலில் இருக்கும் ஒரு நண்பர் பக்கத்தில் இருக்க வேண்டும். மைத்துனரோ மாமாவோ பெட்டிக்கடை வைத்துக் கொடுக்கலாம் என்பார்கள்; பாசத்தில் சொல்வதுதான். ஆனால் இருபது வருட அனுபவத்தை ஓரமாக வைத்துவிட்டு மிட்டாய் விற்கச் சொல்வது, கால் போன இழப்போடு இன்னொரு இழப்பையும் சேர்த்துக் கட்டுவதுதான்.

'ஏதாவது மாற்றினால் முடியுமா' என்ற இரண்டாவது கேள்வியைத்தான் பலரும் அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள். கால் மிதிக்கும் தையல் மிஷினுக்கு மோட்டார் பொருத்தலாம். ஸ்கூட்டரில் பக்கவாட்டுச் சக்கரம் இணைக்கலாம். இரண்டையும் தமிழக அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தகுதியுள்ளவர்களுக்கு வழங்குகிறது. ஜெய்ப்பூர் செயற்கைக் காலின் கதையும் இதுதான். 1960களின் கடைசியில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். வெளிநாட்டு மாதிரிகளில் ஷூ போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காரலாம். சம்மணம் போட முடியாது, குந்த முடியாது, வெறுங்காலோடு வயலில் இறங்க முடியாது. நம் ஊர் மனிதர்கள் உட்காரும் விதத்துக்கு ஏற்பக் காலை மாற்றினார்கள். 1981இல் திருச்சி அருகே நடந்த விபத்தில் ஒரு காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன், ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டுதான் மீண்டும் மேடையேறினார்.

வருமானம் பழையபடி வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஹைவேயில் ராஜா மாதிரி போனவருக்கு ஆபீஸில் பில் போடுவது இறக்கமாகத்தான் தெரியும். அந்த வருத்தத்தை மறுத்துப் பேசிப் பயனில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், பில்லும் போடட்டும்.

பக்கத்தில் இருப்பவர்கள்

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடிகாரத் தந்தை, மனநோயுள்ள தாய், பிரசவச் சிக்கல் என்று பல பாரங்கள் ஒன்றுசேர்ந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினர் எந்தப் பெரிய சிக்கலும் இல்லாமல் நல்லபடி வளர்ந்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றில் இரண்டைக் குடும்பங்கள் குறித்துவைத்துக்கொள்ளலாம். பெற்றோரோ பாட்டியோ ஆசிரியரோ, விட்டுவிடாத ஒரு பெரியவராவது அவர்களுக்கு இருந்தார். வீட்டில் அவர்களை நம்பி ஒரு வேலையும் இருந்தது: தம்பியைப் பார்த்துக்கொள்வது, சமைப்பது போல.

ஆய்வின் இன்னொரு முடிவு அதிகம் பேசப்படுவதில்லை. பதின்வயதில் தடம் புரண்டவர்களில் பலர் முப்பது நாற்பது வயதுக்குள் நிமிர்ந்துவிட்டார்கள். மீண்டும் படிப்பு, ராணுவம், நல்ல துணை, ஒரு சமயக் கூட்டம் என்று ஏதோ ஒரு கதவு பின்னால் திறந்திருந்தது. பதினெட்டு வயதில் எடுத்த கணக்கை வைத்துத் தீர்ப்பெழுதியிருந்தால் அது தப்பாகப் போயிருக்கும்.

நம் வீடுகளில் பாசத்துக்குக் குறைவில்லை. குறைவது அந்த இரண்டாவது விஷயம், ஒருவரை நம்பி ஒரு வேலை இருப்பது. அடிபட்டவரை ஒரு டம்ளர்கூட எடுக்க விடமாட்டார்கள். 'நீ சும்மா இருப்பா, நாங்க பாத்துக்கறோம்.' முதல் மாதத்துக்கு அது சரி. ஆறாவது மாதத்திலும் அப்படியே தொடர்ந்தால், தன்னால் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை என்று அவர் முடிவுகட்டிவிடுவார். வீட்டுக் கணக்கெழுதுவது, பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருவது, கேஸ் புக் பண்ணுவது என்று எதுவாக இருந்தாலும் அவர் செய்யாவிட்டால் நின்றுபோகும் ஒரு வேலை அவரிடம் இருக்க வேண்டும். பொழுதுபோக்குக்காகக் கொடுத்த வேலை என்றால் அவருக்குத் தெரிந்துவிடும்.

துக்கம் விசாரிக்க வருபவர்களைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். வருகிற ஒவ்வொருவரும் 'எப்படி ஆச்சு?' என்று தொடங்குவார்கள். அடிபட்டவரோ அவருடைய அம்மாவோ மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொன்னால் மனசு லேசாகும் என்பது பொதுவான நம்பிக்கை. தானாகச் சொல்ல விரும்புபவருக்கு லேசாகும். கட்டாயப்படுத்திச் சொல்ல வைப்பது வேறு. பேரிடருக்குப் பிறகு எல்லோரையும் உட்கார வைத்து நடந்ததை ஒருமுறை முழுக்க விவரிக்கச் சொல்லும் முறை மேலை நாடுகளில் வெகுகாலம் இருந்தது. சோதித்துப் பார்த்தபோது அது பிற்கால மனபாதிப்பைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. சிலருக்கு நிலைமை மோசமாகவும் ஆனது. உலக சுகாதார நிறுவனமும் இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை. வீட்டில் ஒருவர் வாசலிலேயே வந்தவர்களுக்கு விவரத்தைச் சொல்லி அனுப்பிவிட்டு, உள்ளே வேறு பேச்சுப் பேச ஏற்பாடு செய்தால் பெரிய உதவி.

வளர்ச்சி என்று சொல்லப்படுவது

பெரிய இழப்புக்குப் பிறகு சிலர் முன்னைவிட ஆழமான மனிதர்களாக மாறுவதாக உளவியலாளர்கள் ரிச்சர்ட் டெடெஸ்கியும் லாரன்ஸ் கால்ஹூனும் 1990களில் எழுதினார்கள். அதை அளக்க 21 கேள்விகள் கொண்ட படிவமும் தயாரித்தார்கள். உறவுகளில் நெருக்கம், புதிய வழிகள், தன் பலம் தெரிவது, ஆன்மிகம், வாழ்க்கையின் அருமை உணர்வது என்று ஐந்து திசைகள். அந்தப் படிவத்தை நிரப்புகிறவர்களில் பலர் 'ஆமாம், வளர்ந்தேன்' என்றே சொல்கிறார்கள். ஆனால் 2009இல் பட்ரீஷியா ஃப்ரேசியரும் உடன் ஆய்வாளர்களும் மாணவர்களைச் சம்பவத்துக்கு முன்பும் பின்பும் அளந்து பார்த்தபோது, வளர்ந்ததாகச் சொன்னதற்கும் உண்மையில் ஏற்பட்ட மாற்றத்துக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை.

ஆகவே ஒருவர் வளர்ந்தாரா என்று அவர் பேச்சை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். 'இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?' என்று கேட்பதும் வேண்டாம். பரீட்சைக்கு உட்கார வைத்ததுபோல் ஆகிவிடும். அப்படிக் கேட்டால் மரியாதைக்காக ஏதாவது சொல்வார். இழப்புக்குப் பிறகு பெரும்பாலானவர்கள் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்பதை ஜார்ஜ் பொனானோ என்ற ஆய்வாளர் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார். மேலும் ஆழமாகவில்லையே, ஞானம் வரவில்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. சாப்பிட்டுத் தூங்கி வேலைக்குப் போனாலே அது பெரிய காரியம்.

அதுவும் முடியாமல், வாரங்கள் கடந்தும் தூக்கம் வராமல், சம்பவம் கனவில் திரும்பத் திரும்ப வந்தால், குடி கூடினால், சாவைப் பற்றிய பேச்சு எட்டிப்பார்த்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். டெலி மானஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

காகிதங்களுக்குப் பொறுமை கிடையாது

மனம் தேறுவதற்கு ஆண்டுகள் ஆகலாம். சட்டம் அவ்வளவு நாள் காத்திருக்காது. சாலை விபத்தென்றால் நஷ்டஈட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் திருத்தம் சொல்கிறது. அடிபட்டவர் கட்டிலில் இருக்கும்போதே ஓடிவிடும் காலம் இது. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்து, வேலையில் அடிபட்டிருந்தால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம்வரை கேட்கலாம். நிரந்தர ஊனம் என்றால் மருத்துவக் குழு நிர்ணயிக்கும் அளவுக்கேற்பத் தொடர்ந்து தொகை வரும்.

அரசு ஊழியர்களுக்கு இன்னொரு பாதுகாப்பு உண்டு. இது தெரியாமல் விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடக்கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 20ஆம் பிரிவின்படி, பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவரை அரசு நிறுவனம் வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. அந்த வேலைக்கு அவர் இனி பொருந்தமாட்டார் என்றால் அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படிப்பட்ட இடம் காலியாக இல்லையென்றால், கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை அவருக்காகவே கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும். போக்குவரத்துக் கழக ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய பிரிவு இது.

40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் என்று மருத்துவச் சான்று கிடைத்தால் பெரும்பாலான சலுகைகளுக்கு வழி திறக்கும். அதற்கான அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். இந்த அலைச்சலை அடிபட்டவரின் தலையில் போடாமல் குடும்பத்தில் ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில்கள், விபத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டுகள் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். பில்கள் வெயிலில் மங்கும் காகிதத்தில் அச்சானவை என்பதால் வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிட வேண்டும்.